விண்டோஸ் 7, குரோம் 109: கடைக் கணினியில் பாதித் தளங்கள் வேலை செய்யவில்லை, இதை வைத்து ஓட்டலாமா?

தாண்டிக்குடி_கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தாண்டிக்குடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் மற்றும் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா நகல், கரண்ட் பில், உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் இங்கே பார்க்கிறோம். இப்போது காப்பிப் பழம் எடுக்கிற காலம். தோட்டத்தில் இருந்து இறங்கி வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கடைக்கு வருவார்கள். இங்கே வேலை முடியவில்லை என்றால் மறுநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வத்தலக்குண்டு போக வேண்டும். அதனால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லவே சங்கடமாக இருக்கிறது.

கணினி பழையது. பென்டியம் டூயல் கோர் இ5300, ஜி31 போர்டு, 2 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 7. பிரௌசர் குரோம் 109. பிரிண்டர் கேனான் எல்பிபி 2900.

மூன்று தொந்தரவுகள். மழை, இடி இருக்கும் நாட்களில் இரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவேன். மறுநாள் காலை போட்டால் கருப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. விண்டோஸ் வந்தபிறகு எந்தத் தளமும் திறக்காது. கடிகாரம் பின்னால் இருக்கிறது என்றோ, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்றோ ஆங்கிலத்தில் வரும். தேதியைச் சரி செய்தால் திறந்துவிடுகிறது. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது, தேதி சரியாக இருந்தாலும் சில விண்ணப்பப் பக்கங்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. சிலவற்றில் கேப்ட்சா படம் வருவதில்லை. சிலவற்றில் எல்லாம் நிரப்பியபிறகு சமர்ப்பிக்கும் பொத்தான் அசையாது. அதே வைஃபையில் என் போனில் நன்றாகத் திறக்கிறது.

மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது. நேற்று பாட்டு டவுன்லோடு செய்ய வந்த பையன் ஒருவன் ஏதோ ஒரு தளத்தைத் திறந்தான். "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, இங்கே அப்டேட் செய்யுங்கள்" என்று முழுத் திரையில் வந்தது. ஒரு எக்ஸ்இ கோப்பும் தானாக இறங்கியது. அதைத் திறக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

புதுக் கணினி வாங்க இந்த வருடம் வழியில்லை. ஊர்க்காரர்களின் ஆதார் எண், பாஸ்புக், ஓடிபி எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் போய்வருகிறது. இதை வைத்து ஓட்டுவது சரியா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சிறுமலைக்காரன் எழுதியது:

அந்த எச்சரிக்கைப் பக்கத்தில் அட்வான்ஸ்டு என்று சின்னதாக இருக்கும் பாருங்கள். அதை அழுத்தினால் கீழே "தொடர்க" வரும், அதைப் போட்டால் தளம் திறந்துவிடும். இல்லையென்றால் விண்டோஸ் 10 ஏற்றிவிடுங்கள், குரோம் தானாகப் புதிதாகிவிடும்.


மூஞ்சிக்கல்_சர்வீஸ் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த எக்ஸ்இ கோப்பை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னில் இருந்தும் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குரோம் எந்தக் காலத்திலும் ஒரு வலைப்பக்கத்தின் வழியாக அப்டேட் தருவதில்லை. தனக்கு வேண்டியதைத் தானே பின்னணியில் இறக்கிக்கொள்ளும். நீங்களாகப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று புள்ளி, உதவி, "குரோம் பற்றி" என்று போய்ப் பார்க்கலாம். உங்கள் விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிக் குரோமே 109தான். 2023 பிப்ரவரியில் வந்த 110-இல் இருந்து விண்டோஸ் 10 இருந்தால்தான் ஏறும். ஆகவே விண்டோஸ் 7-இல் "புதுக் குரோம் தருகிறேன்" என்று எந்தப் பக்கம் சொன்னாலும் பொய். இப்படி வேஷம் போட்டு வரும் கோப்புகள் பெரும்பாலும் பிரௌசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிறவை. நீங்கள் திறக்காமல் விட்டது நல்ல காரியம்.

அடுத்தது எஃப்1. அது மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். சிஆர்2032 என்று கேளுங்கள், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிளக் செருகியிருக்கும்வரை போர்டுக்கு மின்சாரம் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும், அதனால் கடிகாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கினால் அந்த பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்ட வேண்டும். அது செத்துவிட்டதால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். பிரௌசர் அதை உங்கள் கணினியின் கடிகாரத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணினி 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் எல்லாமே "இன்னும் தொடங்காத" சான்றிதழ்தான். தளத்தின் மேல் குற்றமில்லை, இணையத்தின் மேலும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய பேட்டரியை எடுத்துப் புதியதைப் போடுங்கள். எழுத்து இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தேதி, நேரம் வைத்துச் சேமித்தால் எஃப்1 நின்றுவிடும். பெட்டியைத் திறந்த கையோடு ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டுங்கள். நம் மலையில் மூடுபனியும் ஈரமும் அதில் சீக்கிரம் படிந்துவிடுகின்றன. கணினி திடீர் திடீரென்று நிற்கிறது என்று என்னிடம் வரும் பெட்டிகளில் நிறையப் பேருக்கு இது ஒன்றுதான் நோய்.

சிறுமலை அண்ணன் சொன்ன "தொடர்க" பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தேதி சரியாக இருக்கும்போதும் அந்த எச்சரிக்கை வந்தால் அது உண்மையான எச்சரிக்கை. அந்தப் பக்கம், தான் சொல்லிக்கொள்ளும் தளம்தானா என்று பிரௌசரால் உறுதி செய்ய முடியவில்லை. அங்கே "தொடர்க" போட்டுவிட்டு ஆதார் எண் அடித்தால், நடுவில் யார் படிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நம்முடைய சொந்த விஷயம் என்றால் நம் பாடு. கடையில் உட்கார்ந்து அடுத்தவர் எண்ணை அடிக்கும்போது அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்போது வெள்ளைப் பக்கம். அதற்குப் பல காரணம் இருக்கலாம், பிரித்துப் பார்ப்பது சுலபம். கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் குற்றம் ஏதாவது எக்ஸ்டென்ஷனிலோ (பிரௌசரில் சேர்த்த துணைச் செயலி) பழைய கேஷிலோ (பிரௌசர் சேமித்து வைத்த பக்கக் கோப்புகள்) இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, கேஷை அழித்தால் தீரும். அங்கேயும் திறக்கவில்லை என்றால் எஃப்12 அழுத்தி கன்சோல் பகுதிக்குப் போங்கள். சிவப்பு எழுத்தில் "சின்டாக்ஸ் எர்ரர்" என்றோ "இஸ் நாட் எ ஃபங்ஷன்" என்றோ இருந்தால், பிரௌசரின் வயதுதான் காரணம் என்பதற்கு வாய்ப்பு அதிகம். குரோம் 109 வந்தது 2023 ஜனவரியில். அதற்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த புதிய வசதிகளைத் தளம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தினால், தெரியாத வரி வந்த இடத்திலேயே உங்கள் பிரௌசர் நின்றுவிடும். பொத்தான் அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது சரியாகாது.

பக்கம் திறக்காதது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். திறக்கிற பக்கங்களில்தான் ஆபத்து. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற படவகையைக் காட்டும் நூலகத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அதே நூலகம்தான். எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், அழுத்த வேண்டாம், திட்டமிட்டுக் கெடுத்து வைத்த ஒரு படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தாலே போதும். எல்லாப் பிரௌசர்களும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. இதில் கவனிக்க வேண்டியது, திருத்தம் வெளிவந்த அன்றே ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். திருத்தம் வராத பிரௌசர் வைத்திருப்பவர்களுடைய கதவு எது என்று வழிகாட்டியதுபோல் ஆகிவிடுகிறது. இப்படிப் பிரௌசர் ஓட்டைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நீங்கள் வைத்திருக்கும் 109 அங்கேயே நின்றுவிட்டது.

ஆகவே இன்றைக்குச் செய்ய வேண்டியது: மொசில்லாவின் சொந்தத் தளத்தில் இருந்து ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் திருத்தம் வரும் பதிப்பு) இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் அதுதான் கடைசிக் கிளை. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை மொசில்லா பலமுறை நீட்டித்திருக்கிறது. அந்தக் கிளையிலேயே புதியதைப் போடுங்கள், 115.13-க்குக் கீழே இருந்தால் ஆகாது. 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானதால், அதற்கு முந்தையவற்றில் ஆட்-ஆன்கள் வேலை செய்யாமல் போகும். இன்னொரு நன்மையும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் எந்தச் சான்றிதழை நம்புவது என்ற பட்டியலைத் தானே வைத்திருக்கிறது, பழைய விண்டோஸின் பட்டியலை நம்பி இல்லை. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஆட்-ஆனையும் போட்டுவிடுங்கள், அந்தப் பையன் பார்த்த மாதிரித் திரைகள் பாதிக்கு மேல் வராது. குரோமில் இருந்து புக்மார்க்கை மட்டும் கொண்டுவாருங்கள், பாஸ்வேர்டுகளைக் கொண்டுவர வேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸ் போட்டதும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பொது ஆதரவு முடிந்தது, காசு கட்டி வாங்கும் திருத்தங்களும் 2023 ஜனவரி 10-உடன் முடிந்தன. இது சில மாதம் தள்ளுவதற்கான வழி.

விண்டோஸ் 10 யோசனையும் இப்போது காலம் கடந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கும் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு தருகிறார்கள். 2 ஜிபி ராமில் அதை ஏற்றினால் கடையில் கூட்டம் நிற்கும்போது மவுஸ் நகரவே நேரமாகும்.

நிலையான வழி லினக்ஸ் மின்ட். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. அதில் பழைய கணினிக்கு ஏற்ற, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். நீங்கள் 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தாலும் உங்கள் இ5300 சிப் 64 பிட் சிப்தான், மின்ட் ஏறும். ஜி31 போர்டு 4 ஜிபி வரைதான் எடுக்கும். பழைய டிடிஆர்2 ராம் 2 ஜிபி குச்சி இரண்டு, சின்ன எஸ்எஸ்டி ஒன்று, இவ்வளவுதான் செலவு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பிரௌசரும் அதோடு சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளும்.


தாண்டிக்குடி_கடை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. கோப்பை அழித்துவிட்டேன். பேட்டரி வாங்கி வர ஆளிடம் சொல்லியிருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ் போட்டதும் கேப்ட்சா வராத பக்கத்தில் வந்துவிட்டது, வெள்ளையாக நின்ற இரண்டு பக்கங்களில் ஒன்று திறக்கிறது.

லினக்ஸ் பற்றித்தான் தயக்கம். மனு, விண்ணப்பக் கடிதம் எல்லாம் பழைய வானவில் எழுத்துருவில் நிறைய அடித்து வைத்திருக்கிறேன். புதிதாக அடிப்பது என்எச்எம் ரைட்டரில் தமிழ்99. பிரிண்டரும் அந்த 2900 ஒன்றுதான். இது மூன்றும் ஓடவில்லை என்றால் கடையே ஓடாது.


பண்ணைக்காடு_காப்பி எழுதியது:

நான் காப்பித் தோட்டக் கணக்கை மின்டில்தான் வைத்திருக்கிறேன். தமிழ்99 பற்றிக் கவலை வேண்டாம். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும், விரல் பழக்கம் மாறாது.

வானவில் கோப்புகளைத் திறக்க முடியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருக்கும் வானவில் எழுத்துருக்களைப் பென்டிரைவில் எடுத்து லினக்ஸில் போட்டால் லிபர் ஆபீஸ் சரியாகக் காட்டும். ஆனால் அதே பழைய முறையில் புதிதாக அடிப்பது நடக்காது. அடிக்கடி தேவைப்படும் மனுக்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டாயிற்று, ஆகவே எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

பிரிண்டர்தான் சிக்கல். 2900 பேசும் கேப்ட் என்ற மொழி லினக்ஸுக்கு இயல்பாகத் தெரியாது. கேனானே லினக்ஸுக்கு ஒரு டிரைவர் தந்திருக்கிறது. தன்னார்வலர்கள் எழுதிய கேப்ட்டிரைவர் என்று இன்னொன்றும் இருக்கிறது. நான் தோட்டத்து வேலைக்கு எப்போதாவது ஒரு பக்கம் எடுப்பவன், எனக்கு அது போதுமாக இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்கு அதை நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


மூஞ்சிக்கல்_சர்வீஸ் எழுதியது:

பண்ணைக்காடு அண்ணன் பிரிண்டரைப் பற்றிச் சொன்னது சரி. அதனால் விண்டோஸை அழிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். இணைய வேலை முழுக்க மின்டில். பிரிண்டர் மின்டில் ஓடாவிட்டால், பிரின்ட் எடுப்பதும் வானவிலும் விண்டோஸ் 7-இல். அந்த விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரை டிசேபிள் செய்துவிடுங்கள். இணையமே தொடாத விண்டோஸ் 7-ஐ இன்னும் பல வருடம் பிரிண்டருக்காக வைத்திருக்கலாம். அதற்குப் பயம் பென்டிரைவ் வழியாக வருவதுதான்.

ஆனால் மாறி மாறி ரீஸ்டார்ட் செய்வது கூட்ட நேரத்தில் எரிச்சலாக இருக்கும். யாராவது ஒதுக்கிப் போட்ட இன்னொரு பெட்டி கிடைத்தால் அதை விண்டோஸ், பிரிண்டர் என்று தனியாக வைத்துவிடுங்கள், அதுதான் கடைக்கு ஏற்றது. எதுவானாலும் முதலில் மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே பூட் செய்து பாருங்கள். வைஃபை வருகிறதா, தமிழ் அடிக்க வருகிறதா, திறக்காத அந்த ஒரு பக்கம் திறக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை கடையை மூடியபிறகு சோதிக்கலாம். பிடிக்காவிட்டால் பென்டிரைவை எடுத்துவிட்டால் பழையபடி விண்டோஸ் வரும்.

பழ சீசன் முடியும்வரை நிறுவும் வேலையைத் தொடாதீர்கள். இப்போதைக்கு பேட்டரியும் ஃபயர்ஃபாக்ஸும் போதும். கூடவே சில பழக்கங்களை மட்டும் இன்றிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆளின் வேலையையும் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி போட்டுத் தனிச் சாளரத்தில் தொடங்கி, முடிந்ததும் மூடிவிடுங்கள். அடுத்தவர் உட்காரும்போது முந்தையவரின் லாகின் திறந்திருக்காது. பாஸ்வேர்டு சேமிக்கவா என்று கேட்பதையே அமைப்பில் அணைத்துவிடுங்கள். ஸ்கேன் செய்த ஆதார், பாஸ்புக் படங்களை அன்றன்றே அழியுங்கள், டவுன்லோட்ஸ் கோப்புறையைப் போய்ப் பாருங்கள், எத்தனை பேருடையது கிடக்கிறது என்று தெரியும். பணம் கட்டும் வேலையைப் புதுப்பித்த உங்கள் போனில் செய்யுங்கள், இந்தக் கணினியில் வேண்டாம். பையன்கள் பாட்டு தேட வந்தால் அட்மின் அல்லாத தனிக் கணக்கில் உட்கார வையுங்கள். அதில் எந்த எக்ஸ்இ இறங்கினாலும், அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் அமைப்புக்குள் ஆழமாகக் கை வைக்க முடியாது.


வில்பட்டி_மாலைவகுப்பு எழுதியது:

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் மாலை வகுப்புக்கு விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினிகள் சில கிடைத்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியா காட்ட ஆசை, எந்தத் தளமும் திறக்கவில்லை. இதற்கும் ஃபயர்ஃபாக்ஸ் போடலாமா?


மூஞ்சிக்கல்_சர்வீஸ் எழுதியது:

எக்ஸ்பியை இணையத்தில் விடாதீர்கள் டீச்சர். அதற்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு முடிந்தது. தளத்தோடு மறைத்துப் பேசும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-க்கு அங்கே தெரிந்தது டிஎல்எஸ் 1.0 மட்டும், இன்றைய தளங்கள் குறைந்தது 1.2 கேட்கின்றன, அதனால்தான் எதுவும் திறக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர் எக்ஸ்பிக்கு வந்த கடைசிப் பதிப்பு, அதற்கும் 2018-இல் திருத்தங்கள் நின்றுவிட்டன. சில தளங்கள் அதில் திறக்கும், அதற்காகப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது.

அவற்றை இணையம் இல்லாமல் தட்டச்சுப் பழகவும் படம் வரையவும் வையுங்கள். அவற்றில் எது 64 பிட் சிப், எதில் 2 ஜிபிக்கு மேல் ராம் இருக்கிறது என்று பாருங்கள். அப்படி ஒன்று தேறினால் அதில் மின்ட் போட்டு, கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைக்கலாம். ஒருமுறை இறக்கினால் போதும், மழையில் லைன் போனாலும் திறக்கும். எல்லாமே 32 பிட்டாக இருந்தால் ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸுக்கு 32 பிட் பதிப்பு உண்டு, அதைப் பார்க்கலாம். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்களை இங்கே எழுதுங்கள், எது எதற்கு ஆகும் என்று சொல்கிறேன்.